இசாவேவுக்குப் பலம் இல்லை

உளுந்தைப் போட்டாயிற்று. இனி அரைமணி நேரம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் ஏறுகிற மாவை வழித்து நடுவில் தள்ளி, விரலால் தொட்டுச் சூடு பார்த்து ஐஸ் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருக்கிற வேலை அவ்வளவுதான். வசந்திக்கு ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் இரண்டு மணி வரை டியூட்டி. நீல பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்து பார்த்தால் ஹால் தெரியும், ஹாலுக்கு அந்தப் பக்கம் மிருதுளாவின் அறைக்கதவு, கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் எட்டு மணிக்கு நான் வைத்த இரண்டு தோசை. பழைய மாவின் கடைசி இரண்டு. இப்போது மணி பத்தே முக்கால். ஏழு மாதமாக இதுதான் ஏற்பாடு, நான் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், அவள் எடுத்துக்கொள்வாள், ஒன்பது மணிக்குக் காலித் தட்டு வெளியே வந்துவிடும், சில நாள் சட்னி மட்டும் மீதி இருக்கும், சில நாள் ஒரு தோசை மீதி இருக்கும், ஆனால் தட்டு வரும், தட்டு வந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் நான் பேப்பரைப் பிரிப்பேன். இன்றைக்குத் தோசை விறைத்துப்போய் விளிம்பு தூக்கிக்கொண்டு அப்படியே இருக்கிறது. பேப்பர் பிரிக்காமல் கிடக்கிறது. இசாவேவுக்குப் பலம் இல்லை. யார் சொன்னது? நான்தான் சொன்னேன். எழுதியது அவள். மாவில் இன்னும் திப்பி இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விடலாம்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மார்ச் மாதம் கல்லூரியிலிருந்து பெட்டியோடு வந்து உள்ளே போனவள் இரண்டு நாள் திறக்கவில்லை என்றதும் நான்தான் ஆசாரியைக் கூட்டிவந்து கழற்றினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் திருகாணி கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு மனநல மருத்துவரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார், தாழ்ப்பாள் இல்லைங்கறதுக்காகத் தள்ளிட்டுப் போயிடாதீங்க சார், ஒரு தடவ தள்ளுனீங்கன்னா அப்புறம் அந்தப் பொண்ணுக்கு வீட்டுல இடமே இல்ல, தட்டுங்க, பதில் வந்தா போங்க, வரலேன்னா திரும்பி வாங்க, வேற எந்த வழியிலயாவது பேச்சு நடக்கட்டும். சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். தாழ்ப்பாளைக் கழற்றியதிலிருந்து அந்தக் கதவு தானாக உள்பக்கம் நழுவித் திறந்துகொள்கிறது, கீல் தொங்கிவிட்டது, சரி பண்ண வேண்டும், பண்ண வேண்டும் என்று ஏழு மாதம். அவள் உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் மூடி வைக்கிறாள். எழுந்து போய் விரலால் தொட்டால் போதும், நாற்காலி ஒரு அடி நகரும், ஒரு அடியில் கட்டில் தெரியும், கால் தெரியும். வேண்டாம். கால் என்று ஏன் நினைத்தேன். தலை தெரியும் என்று நினைத்திருக்கலாம், முகம் தெரியும் என்று நினைத்திருக்கலாம். புத்திக்கு வேறு சொல்லே கிடைக்காதா. தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை யார்தான் பதினொரு மணி வரை தூங்கவில்லை.

என் வேலை கடை கடையாகப் போய்த் தராசு சோதிப்பது. செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் என் பெயர் ஞானசேகரன் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, முத்திரைக்காரர் வந்துட்டார் என்பார்கள். பெட்டியில் பித்தளை எடைக்கற்கள், கையால் தொடக்கூடாது, விரல் பிசுக்கு ஒட்டினால்கூட எடை கூடும் என்று இடுக்கியால்தான் எடுப்பேன். இருபத்தாறு வருஷம். எது எவ்வளவு கனம் என்பதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு, அந்தத் திமிர்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. மே மாதம் அவள் லேப்டாப்பை ஹாலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். திரையில் ஒரு குழு, சாம்பல் கதவு தமிழ் வாதக்களம் என்று பெயர். சாம்பல் கதவு ஒரு ஜப்பான் அனிமே, தொள்ளாயிரம் எபிசோடு தாண்டியும் முடிந்தபாடில்லை, ஆறாம் வகுப்பிலிருந்து அவள் பார்க்கிறாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது அறுபது பார்த்திருப்பேன். அந்தக் குழுவில் முந்நூறு பேர் யாருக்கு யாரைவிடப் பலம் அதிகம் என்று அடித்துக்கொள்கிறார்கள். அதில் என் பெண், எனக்கு உம், ம்ஹும், வேண்டாம் என்ற மூன்று சொல்லுக்குமேல் செலவழிக்காத என் பெண், பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். எந்த எபிசோடில் யார் எத்தனை அடி தூரம் எறியப்பட்டார், அந்தப் பாறையின் கனம் என்ன இருக்கும், எல்லாம் கணக்குப் போட்டு. நின்றுகொண்டே படித்தேன். குளியலறைக் கதவுச் சத்தம் கேட்டதும் திருடன்போல நகர்ந்துவிட்டேன். அன்றைக்கே ஆபீஸில் கொடுத்த இரண்டாவது சிம்மில் ஒரு கணக்குத் தொடங்கினேன். எடைக்கல் என்று பெயர் வைத்தேன், யாருக்கும் சந்தேகம் வராதாம். புத்திசாலி. பிறகு இரண்டு மாதம் மண்டிக்கும் மண்டிக்கும் நடுவில் பஸ்ஸில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில், வசந்தி சீரியல் பார்க்கும்போது பக்கத்திலேயே, இயர்போன் மாட்டிக்கொண்டு, விட்டுப்போன எபிசோடெல்லாம் பார்த்து முடித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பரீட்சைக்கு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

குழுவுக்குச் சட்டம் உண்டு, நாகப்பட்டினத்துக்காரர் நவாஸ் என்ற அட்மின் போட்டது. ஒரு வீரன் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொண்டது செல்லாது. அடுத்தவன் புகழ்ந்ததும் செல்லாது. திரையில் நடந்து காட்டியதுதான் செல்லும், செயல்தான் சாட்சி என்பார் நவாஸ். பலம் எவ்வளவு என்று வாய் சொல்லும், தராசு கேட்காது என்று நான் ஒருநாள் எழுதியதைக் குழுவின் முகப்பிலேயே ஒட்டி வைத்தார். எனக்கு நல்ல மரியாதை. அவளும் நானும் எதிரெதிராகத்தான் பேசினோம், எதிர்த்துப் பேசினால்தான் அங்கே பேச்சே, ஒப்புக்கொண்டால் அதோடு அந்த வாதம் மூடப்படும். அது எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. அவள் எதைச் சொன்னாலும் மறுத்தேன். மறுக்க மறுக்க அவள் எழுதினாள். ஒரு நாள் மாலை ஐந்து மணியிலிருந்து எட்டரை வரை இருநூற்றுப் பதினாறு செய்திகள், எண்ணிப் பார்த்தேன், நடுவில் அவள் சிரிப்புப் படம்கூட அனுப்பினாள், நான் ஹாலில் இருந்தேன், அவள் பதினைந்தடி தூரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம், கதவுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் நிஜமாகவே கேட்டது, வசந்தி காதில் விழுந்து கரண்டியோடு ஓடிவந்து என்னைப் பார்த்தாள். போன்ல ஏதோ பாக்கறா போல, என்றேன். வசந்தி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழுவில் எல்லோரையும் ப்ரோ, டேய் என்று பேசுகிறவள் என்னை மட்டும் நீங்க என்பாள். என் எழுத்தில் ஒரு கனம் இருக்கிறது போல என்று பெருமைதான். ஒருதடவை, வயசானவர் மாதிரி மூச்சு வாங்குறீங்க எடைக்கல், போய் பி.பி. மாத்திரை போட்டுட்டு வாங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன், என்று கிண்டல் பண்ணினாள். முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன்.

இசாவேவைப்பற்றி மட்டும் வாதம் வைத்திருக்கக் கூடாது. வைத்தது நவாஸ், நேற்று மாலை நாலு மணிக்கு, இசாவேவா ரெந்தோவா, யாருக்குப் பலம் அதிகம். ரெந்தோதான் கதாநாயகன், மலையைப் பிளந்தவன். இசாவே ஒரு ஒல்லிப் பெண், நானூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில் சாம்பல் வருகிற கதவுக்கு உள்ளே தானே போய், கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அவள் நகர்ந்தால் தானாகத் திறந்துகொள்ளும், திறந்தால் சாம்பல் வெளியே வந்து ஊரை மூடிவிடும். அதன்பின் ஐந்நூறு எபிசோடாக அவள் முகத்தைக் காட்டவில்லை. மிருதுளா இசாவே பக்கம். வேறு யார் பக்கம் இருப்பாள், அதுகூடத் தெரியாத மரமண்டை, இல்லை, தெரியும், தெரிந்துதான் உட்கார்ந்தேன், நாலு நாளாக அவள் குழுவில் பேசவே இல்லை, இதற்காவது வருவாள் என்றுதான் ரெந்தோ பக்கம் போய் உட்கார்ந்தேன். வந்தாள். எண்பது செய்தி. ஐந்நூறு எபிசோடா சாம்பல் வெளிய வரல, அதுதான் செயல், அதுதான் சாட்சி என்றாள். தட்டில் ஒன்றும் வைக்காத தராசு பூஜ்யம் காட்டுவதை வைத்து அது சரியான தராசு என்று முத்திரை போட முடியாது என்றேன். சாம்பல் தள்ளியதற்கு என்ன சாட்சி? இவள் சும்மா மூடியிருக்கிற கதவில் சாய்ந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ? அறுநூற்று ஐம்பத்தைந்தில் ரெந்தோ அவளை மீட்க வேண்டும் என்று வெளியிலிருந்து மலையைப் பிளந்த அதே அடியை அந்தக் கதவில் அடித்தான், கதவு அசையல, அந்த அடி எங்க போச்சு, யார் முதுகுல போச்சு, என்றாள். நல்ல கேள்வி. அது கதவின் பலம், அவள் பலமில்லை என்று எழுதினேன். இரும்புக்குப் போக வேண்டிய மதிப்பெண்ணை ஆளுக்குக் கொடுக்காதீர்கள் என்றும் எழுதினேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. உளுந்து பொங்கிக்கொண்டு வருகிறது, ஓரம் வழிக்க வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம். எழுநூற்று ஒன்றில் கதவிடுக்கிலிருந்து இரண்டு துளி சாம்பல் விழுகிறது, யாரும் கவனிக்காத காட்சி, நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வைத்திருந்தேன். அதைப் படமாக எடுத்துப் போட்டேன். இதோ கசிவு, பிடிக்கவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை, உள்ளே போனதே பயத்தில்தான், நானூற்றுப் பதினொன்றில் அவள் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தோம். பிறகு கடைசியாக அதை எழுதினேன், கதவுக்குப் பின்னால் இருப்பவரின் பலத்தை அளக்க வழியில்லை, அளக்க முடியாததைப் பூஜ்யம் என்றுதான் எழுதுவோம். நாற்பது பேர் இதயம் போட்டார்கள். நாற்பது இதயத்தையும் நான் பார்த்தேன், ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்தேன், பார்க்க இதமாக இருந்தது, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா, என்று அவள் கேட்டாள். அது வாதம் இல்லை, கேள்வி, என்றேன். எட்டு மணி இருபது நிமிஷம். அவளிடமிருந்து பதினொரு நிமிஷம் ஒன்றும் இல்லை. நவாஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டார், எடைக்கல் வெற்றி. குழுவின் வழக்கம் ஒன்று உண்டு, தட்டச்சு செய்து ஒப்புக்கொண்டால் போதாது, அதை அடுத்த நாளே அழித்துவிட்டு இல்லை என்று சாதிக்கிறார்களாம், அதனால் தோற்றவர் தீர்ப்பைக் காகிதத்தில் கையால் எழுதிப் படம் எடுத்துப் போட வேண்டும், எழுதிவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. வேடிக்கையான வழக்கம், நானே நாலு பேரை எழுத வைத்து ரசித்திருக்கிறேன். எட்டு முப்பத்தொன்றுக்குப் படம் வந்தது. கல்லூரி ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாள். இசாவேவுக்குப் பலம் இல்லை. புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போடுவாள், நாலாம் வகுப்பில் தமிழம்மா அதற்காக நோட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார், நான் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன், குழந்தை எப்படி வேண்டுமானாலும் புள்ளி வைக்கட்டும் என்று. அந்த வட்டங்கள். நாலைந்து மாதமாகத் திரையில் எழுத்தாக இருந்தவள் திடீரென்று என் பெண்ணின் கையெழுத்தாக வந்து நின்றாள். என் பெண்ணை உட்கார வைத்து இதை எழுத வைத்தவன் நான்.

கிரைண்டரை நிறுத்தினால் அறைக்குள் சத்தம் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். நிறுத்தத் தைரியம் இல்லை. ஓடுகிறவரை, கேட்காததற்குக் கிரைண்டர்தான் காரணம். நிறுத்திய பிறகும் கேட்கவில்லை என்றால்? போன் அடிக்கிறது, வசந்தி, கவுண்டரில் சர்வர் போய்விட்டதாம், வரிசையில் நிற்பவர்கள் கத்துவது இங்கே வரை கேட்கிறது. சாப்ட்டாளா, என்றாள். இன்னும் இல்ல. மணி என்னாச்சு, கதவத் தட்டுனீங்களா? தட்டுனேன், பதில் வரல. நேத்து ராத்திரியும் தட்டு அப்படியே இருந்துச்சுங்க, நான்தான் எடுத்து வச்சேன், நீங்க ஏதாவது பேசுனீங்களா அவகிட்ட? நான் ஒரு வார்த்தை பேசல வசந்தி. இது பொய்யில்லை. இதைவிடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை. சர்வர் வந்திருச்சு, மறுபடி தட்டிப் பாருங்க, எனக்கு என்னமோ போல இருக்கு, என்று வைத்துவிட்டாள். நேற்று இரவும் சாப்பிடவில்லை. இது எனக்குத் தெரியாது. எட்டு முப்பத்தொன்றுக்கு அந்தத் தாள், அதற்கப்புறம் சாப்பிடவில்லை. ரெண்டு வேளை. ஒரு ஆள் ரெண்டு வேளை சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, ஆகாதுதான், ஆனால் சாப்பாடு தேவையில்லை என்று ஒருத்தி முடிவு செய்துவிட்டால், இல்லை, அப்படியெல்லாம் இல்லை, அந்தப் பக்கம் போகாதே. மருத்துவரம்மா ஒரு தாளில் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார், எப்ப வேணாலும் கூப்பிடுங்க என்று, அது பர்ஸில் இருக்கிறது, கூப்பிட்டு என்ன சொல்வது, அம்மா, என் பெண்ணை ஒரு ஜப்பான் பொம்மைப் படத்தில் தோற்கடித்துவிட்டேன் என்றா? சிரிப்பார். சிரிக்க மாட்டார், அதுதான் பயம்.

வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வழி. பக்கத்தில் கிடந்த மளிகைக்கடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, மாவுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முத்திரைச் சான்றிதழ் எழுதுகிற அதே நிதானமான கையெழுத்தில் எழுதினேன். இசாவேவுக்குப் பலம் உண்டு. எழுநூற்று ஒன்றில் விழுந்தது இரண்டே துளி. ஐந்நூறு எபிசோடில் இரண்டு துளி கசிந்தால் அது எந்தச் சட்டப்படியும் தேறிய கதவு. நான் அளந்தது தப்பு. எடைக்கல். சீட்டில் உளுந்து மாவு ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது. படம் எடுத்தேன், ஜெயித்தவன் தோற்றேன் என்று எழுதிக் கொடுத்ததாகக் குழுவின் சரித்திரத்தில் கிடையாது, நவாஸ் என்ன சொல்வாரோ, சொல்லட்டும், குழுவில் போடாமல் அவளுக்கு மட்டும் அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கதவைப் பார்த்தேன். கதவில் என்ன தெரியப்போகிறது. தெரிந்தது ஃப்ரிட்ஜ்மேல். அதன்மேல் கை துடைக்கிற துண்டுக்கு அடியில் வெளிச்சம் வந்தது, ஏதோ அதிர்ந்து, பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளர் இடம் மாறியது. எழுந்து போய்த் துண்டை விலக்கினேன். அவள் போன். நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க வந்தவள் இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையிலிருந்து உள்ளே அவளிடம் போனே இல்லை, நான் குழுவில் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். திரையில் என் செய்தி வந்து நிற்கிறது, அனுப்பியவர் பெயரோடு. எடைக்கல் என்று இல்லை. அப்பா ஆபீஸ் நம்பர் என்று இருந்தது. அந்த நம்பர் என் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறது. விசிட்டிங் கார்டு ஒரு கட்டு டிவிக்குக் கீழே நாலு வருஷமாகக் கிடக்கிறது.

பி.பி. மாத்திரை போட்டுட்டு வாங்க. நீங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன். முதலிலிருந்தே தெரியும். இருநூற்றுப் பதினாறு செய்தியும் எனக்கு எழுதியது, அந்தச் சிரிப்பு எனக்குச் சிரித்தது. அப்படியானால் நேற்றைய எண்பதும் எனக்குத்தான். யார் முதுகுல போச்சு என்று என்னைத்தான் கேட்டாள். யாராவது போய்ப் பாத்தீங்களா என்று என்னைத்தான் கேட்டாள், ஏழு மாதத்தில் முதல்தடவையாக அவளாகவே கேட்டாள், அது வாதம் இல்லை, கேள்வி என்று அவளுடைய அப்பா பதில் சொன்னார், நவாஸ் தீர்ப்புச் சொன்னார், பிறகு அவள் நோட்டில் தாளைக் கிழித்து அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாள். உட்கார வேண்டும் என்று நாற்காலியைப் பிடித்தேன், நீல நாற்காலி, பிடித்தபடியே நின்றுவிட்டேன். இது அவள் அறை நாற்காலி. நேற்றுச் சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில், பரண்மேலிருந்து பாத்திரம் எடுக்க வசந்தி கொண்டுவந்தது, திருப்பி வைக்கவில்லை. இவ்வளவு நேரமாக இதில் உட்கார்ந்துகொண்டு அவள் உள்ளே நாற்காலி முட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் வேறு நாற்காலி கிடையாது. கட்டில் சுவரோடு பொருத்தியது. முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாத, தானாகத் திறந்துகொள்கிற அந்தக் கதவு நூலிழை இடைவெளி இல்லாமல் மூடியிருக்கிறது. ஸ்டூலை நகர்த்திவிட்டுக் கதவருகே போனேன். தட்டக் கை எழவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தேன். கதவு அசையவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் என் முதுகுக்கு நேராக ஏதோ இளஞ்சூடாக இருப்பதுபோல் இருந்தது, மரம் அவ்வளவு சீக்கிரம் சூட்டைக் கடத்தாது, எனக்கே தெரியும், இருந்தும் அப்படித்தான் இருந்தது.

மிருதும்மா, என்றேன். கிரைண்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். என் பிடரிக்கு நேர் பின்னாலிருந்து, இரண்டங்குலத் தூரத்திலிருந்து குரல் வந்தது. கிரைண்டர் ஓடிட்டே இருக்கு. இருக்கிறாள், இருக்கிறாள், குரல் இருக்கிறது. ஓடட்டும்மா, என்றேன். உளுந்து சூடாயிரும், இட்லி கல்லாட்டம் வரும், அம்மா கத்தும். கத்தட்டும். நேத்து நான் சொன்னது தப்பும்மா, நான் எழுதி அனுப்பிருக்கேன், பாரு, உன் போனு இங்க வெளிய இருக்கு, இசாவேவுக்கு, என்று ஆரம்பித்தேன். எழுதிக் குடுத்தாச்சுப்பா, என்றாள். எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம் பேசக்கூடாது, ரூல். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஆள் பேசுகிற குரல், ராத்திரியெல்லாம் இப்படியே உட்கார்ந்திருந்தாளோ என்னவோ. இருபத்தாறு வருஷமாக எதை எதையோ எடைபோட்டிருக்கிறேன், எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை அங்குல மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன கனம் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள எந்தக் கல்லை எந்தத் தட்டில் வைப்பது என்றும் தெரியவில்லை. அழுதுவிடக் கூடாது என்று தலையைப் பின்னால் தள்ளி, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துக் கதவில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன், அவளுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில். உள்ளே தரையில் பாதம் ஊன்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது.

அப்பா, சாயாதீங்க. கனக்குது.

நான் எண்பத்திரண்டு கிலோ. முதுகைக் கதவிலிருந்து எடுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். கதவு மூடியேதான் இருந்தது.